கண் கண்டதும் மனம் நம்பியதும்



'செப்படி வித்தை' என்னும் சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். கணக்கில் ஒருவர் தில்லுமுல்லு செய்தால், "ஏதோ செப்படி வித்தை காட்டுகிறார்" என்று சொல்லிவிடுகிறோம். செப்பு என்பது சிறிய கிண்ணம், சிமிழ். கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்து, அவற்றின் அடியில் சிறு உருண்டைகளை மறையச் செய்தும் தோன்றச் செய்தும் காட்டும் வித்தைக்கு நம் முன்னோர் வைத்த பெயர் அது. இந்திரசாலம், கண்கட்டு வித்தை, மோடி வித்தை என்று வேறு பெயர்களும் உண்டு. ஒரு கலைக்கு இத்தனை பெயர்கள் இருப்பதிலிருந்தே, அது நம் மக்களிடையே எவ்வளவு ஊறிப்போனது என்பது விளங்கும்.

மோடி வித்தைக்காரர் எப்படிக் கூட்டம் சேர்ப்பார் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். ஒரு பெட்டியில் பாம்பு இருக்கும். ஒரு கயிற்றில் கீரி கட்டியிருக்கும். "இதோ, இன்னும் சிறிது நேரத்தில் பாம்புக்கும் கீரிக்கும் சண்டை!" என்பார். கூட்டம் கால் கடுக்க நிற்கும். கடைசி வரையில் சண்டை நடக்காது. அதற்குள் நூறு பொட்டலம் மருந்து விற்றுப் போயிருக்கும். நம் நாட்டிலும் இரவுச் சந்தைகளில் மருந்து விற்பவர்கள் இந்த வழியைக் கையாண்டதுண்டு. கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் சம்பள நாளில் சாமான் வாங்க வந்த தோட்டத்து மக்கள் அப்படிப்பட்ட கூட்டங்களில் நின்று பார்த்திருக்கிறார்கள்.

தெருவோரத்தில் பிறந்த இந்தக் கலை, பின்னர் பெரிய அரங்குகளுக்குப் போயிற்று. அங்கிருந்து தொலைக்காட்சிக்கும் போயிற்று. தொலைக்காட்சியில் மாயவித்தை காட்டிப் புகழ்பெற்ற இருவரைப் பற்றி இன்று பேசுவோம். ஒருவர் வங்காளத்தில் பிறந்த பி. சி. சர்க்கார். மற்றொருவர் இங்கிலாந்தைச் சிரிக்க வைத்த டாமி கூப்பர்.

இவ்விருவரையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. 1956-ஆம் ஆண்டில், உயிரோடு இருந்த ஒரு பெண்ணைத் தொலைக்காட்சியில் பார்த்து, "ஐயோ, இறந்துவிட்டாளே!" என்று மக்கள் பதறினார்கள். 1984-ஆம் ஆண்டில், உயிர் பிரிந்துகொண்டிருந்த ஒரு மனிதரைத் தொலைக்காட்சியில் பார்த்து மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டும் லண்டன் மாநகரில் நடந்தவை. முதலாவது சர்க்காரின் நிகழ்ச்சி. இரண்டாவது கூப்பரின் நிகழ்ச்சி. கண்ணால் கண்டதே இப்படி இரண்டு முறையும் தவறிப்போனது ஏன்? இதுதான் இன்றைய பேச்சின் கேள்வி.

முதலில் சர்க்காரைப் பார்ப்போம்.

புரோதுல் சந்திர சர்க்கார் 1913-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், அப்போது பிரிக்கப்படாத வங்காளத்தில், தங்கைல் வட்டாரத்தில் பிறந்தார். அந்தப் பகுதி இன்று வங்காள தேசத்தில் இருக்கிறது. இளமையிலேயே மாயவித்தையில் அவருக்கு நாட்டம். கணபதி சக்கரவர்த்தி என்னும் புகழ்பெற்ற வித்தைக்காரரைக் குருவாகக் கொண்டு பழகினார். அதற்காகப் படிப்பை விட்டுவிடவில்லை. கல்லூரியில் கணிதம் படித்துப் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றவர் உத்தியோகத்துக்குப் போகாமல் வித்தை காட்டப் போகிறாரே என்று அந்த நாளில் பலருக்கு வியப்பாக இருந்திருக்கும். ஆனால் மாயவித்தைக்கும் கணக்குக்கும் நெருங்கிய உறவு உண்டு. எத்தனை அடி தூரம், எத்தனை விநாடி நேரம், கூட்டத்தார் எந்தக் கோணத்திலிருந்து பார்க்கிறார்கள் என்பதெல்லாம் கணக்குத்தானே!

அந்தக் காலத்தில் இந்திய வித்தைக்காரர் என்றாலே, வெளிநாட்டார் மனத்தில் தோன்றியது கந்தல் உடுத்திய ஏழையின் உருவம்தான். சர்க்கார் அதை மாற்ற முனைந்தார். மகாராஜாவைப் போலப் பட்டு அங்கியும், தலையில் இறகு சூடிய தலைப்பாகையும் அணிந்து மேடைக்கு வந்தார். வண்ணத் திரைகள், இசைக் குழு, நடனம், ஏராளமான துணைக் கலைஞர்கள் என்று தம் காட்சியைப் பெரிதாக்கினார். அதற்கு 'இந்திரஜால்' என்று பெயரிட்டார். தம் பெயரையும் விட்டுவைக்கவில்லை. ஆங்கிலத்தில் மந்திரவாதியைக் குறிக்கும் ஒரு சொல்லின் ஒலி தோன்றும்படி, 'சர்க்கார்' என்பதன் ஆங்கில எழுத்துகளை மாற்றிக்கொண்டார். தொழில் தெரிந்தால் மட்டும் போதாது, தொழிலை மதிப்போடு காட்டவும் தெரிய வேண்டும் என்பதை உணர்ந்தவர் அவர்.

அவருடைய வித்தைகளில் ஒன்று 'இந்திய நீர்' என்பது. மேடையில் ஒரு செம்பு இருக்கும். அதிலுள்ள தண்ணீரை அவர் முழுவதும் ஊற்றிக் காலி செய்து காட்டுவார். பிறகு வேறு வித்தைகளுக்குப் போய்விடுவார். சிறிது நேரம் கழித்து வந்து அதே செம்பைக் கவிழ்ப்பார். மீண்டும் தண்ணீர் கொட்டும். காட்சி முடியும் வரை இப்படியே நடக்கும். மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபியைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு, அது வற்றாத பாத்திரத்தை நேரில் கண்டது போலத்தான் இருக்கும். கண்களை மாவாலும் துணியாலும் இறுகக் கட்டிக்கொண்டு, பார்ப்பவர்கள் கரும்பலகையில் எழுதியதை அப்படியே எழுதிக் காட்டுவதும் அவருடைய பெயர்பெற்ற வித்தை.

இனி 1956-க்கு வருவோம். அப்போது மலாயா சுதந்திரம் பெறவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள்தான் பெற்றது. இங்கே தொலைக்காட்சியும் இல்லை. அது கோலாலம்பூரில் தொடங்கியது 1963-ஆம் ஆண்டு டிசம்பரில். சர்க்காரின் தாய்நாடான இந்தியாவிலும் 1959-இல்தான் டில்லியில் சோதனை முறையில் தொலைக்காட்சி ஆரம்பமாயிற்று. அதாவது, சர்க்கார் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் தோன்றியபோது, அவருடைய ஊர் மக்கள் தொலைக்காட்சிப் பெட்டியையே கண்டதில்லை.

லண்டனில் டியூக் ஆஃப் யார்க்ஸ் என்னும் அரங்கில் காட்சி நடத்த அவர் போயிருந்தார். அதற்கு முன்னோடியாக, ஏப்ரல் 9-ஆம் நாள் இரவு பி.பி.சி.யின் 'பனோரமா' நிகழ்ச்சியில் ஒரு வித்தை காட்ட வாய்ப்புக் கிடைத்தது. பதினேழு வயதுத் துணைக் கலைஞர் ஒருவரை மேசை மேல் படுக்க வைத்தார். மர ஆலையில் பலகை அறுக்கும் வட்ட இரம்பத்தைப் போன்ற ஒன்று சுழன்று வந்து, அப்பெண்ணின் இடுப்பை அறுத்துச் சென்றது போலக் காட்சி. பிறகு சர்க்கார் அவளுடைய கைகளைத் தேய்த்தார், எழுப்பிப் பார்த்தார். அவள் அசையவில்லை. சர்க்கார் ஒரு கறுப்புத் துணியை எடுத்து அவள் முகத்தை மூடினார். அந்த வேளையில் நிகழ்ச்சியை நடத்திய ரிச்சர்ட் டிம்பிள்பி முன்னால் வந்து நின்று, நேரம் முடிந்துவிட்டது, வணக்கம் என்று சொல்லி நிகழ்ச்சியை முடித்துவிட்டார்.

வீடுகளில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! பி.பி.சி. நிலையத்துத் தொலைபேசிகள் ஓயாமல் அடித்தன. ஒரு பெண்ணைத் தங்கள் கண் முன்னே கொன்றுவிட்டார்கள் என்றே பலரும் நம்பினார்கள். பெண் நலமாக இருக்கிறாள் என்று நிலையத்தார் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. மறுநாள் பத்திரிகைகளில் அதே செய்தி. டியூக் ஆஃப் யார்க்ஸ் அரங்கில் நுழைவுச் சீட்டுகள் மளமளவென்று விற்றுத் தீர்ந்தன. நேரம் போதாததால் அப்படி நேர்ந்ததா, சர்க்கார் திட்டமிட்டுச் செய்ததா என்று பிற்காலத்திலும் விவாதித்தார்கள். நிமிடக் கணக்குத் தவறாதவர் சர்க்கார் என்பதை அறிந்தவர்கள், அது அவருடைய திட்டம்தான் என்று நம்புகிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெண்ணைப் பெட்டியில் வைத்து அறுக்கும் வித்தை அப்போது புதிதல்ல. லண்டனிலேயே 1921-ஆம் ஆண்டில் செல்பிட் என்னும் வித்தைக்காரர் அதை மேடையில் காட்டியிருக்கிறார். முப்பத்தைந்து ஆண்டுகளாக ஜனங்கள் பார்த்துப் பழகிய வித்தை. அப்படியிருக்க ஏன் பயந்தார்கள்? அந்த வித்தைக்கு ஒரு முடிவு உண்டு. அறுக்கப்பட்ட பெண் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து வணங்க வேண்டும். அந்த முடிவு வராததால், பார்த்தவர்களின் மனம் தானே ஒரு முடிவை எழுதிக்கொண்டது. கண் கண்டது, ஒரு பெண் அசையாமல் படுத்திருந்ததை மட்டும். அவள் இறந்தாள் என்று சொன்னது கண் அல்ல, மனம்.

சர்க்கார் அதற்குப் பின் உலகெங்கும் அழைக்கப்பட்டார். 1964-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1971-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் காட்சி நடத்தச் சென்றிருந்த இடத்தில், மாரடைப்பால் காலமானார். தந்தை விட்ட இடத்திலிருந்து அவர் மகன் இந்திரஜாலைத் தொடர்ந்து நடத்தினார். 2010-இல் இந்திய அஞ்சல் துறை சர்க்காரின் நினைவாக ஒரு தபால் தலை வெளியிட்டது.

மக்களை வியக்க வைத்தவர் சர்க்கார். சிரிக்க வைத்தவர் கூப்பர். வியக்க வைப்பதைவிடச் சிரிக்க வைப்பது கடினம் என்பார்கள். நம் கூத்துகளில் கட்டியங்காரனும், நாடகங்களில் பபூனும் வந்து போவதைப் பார்த்திருக்கிறோம். பபூன் வேடம்தானே என்று எவரும் அதை எளிதாக ஏற்றுவிட முடியாது. ராஜா வேடக்காரர் ஒரு வரியை மறந்தால் சமாளித்துவிடலாம். பபூன் ஒரு விநாடி தாமதித்தாலும் சிரிப்பு வராது.

டாமி கூப்பர் 1921-ஆம் ஆண்டு மார்ச் 19-ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் கெர்ஃபிலி என்னும் ஊரில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த வட்டாரம் அது. அவருக்கு மூன்று வயதானபோது குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. எட்டு வயதில் அவருடைய அத்தை ஒருவர் சிறுவர்களுக்கான மாயவித்தைப் பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். அதிலிருந்து அந்தச் சிறுவனுக்கு வேறு விளையாட்டே இல்லை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் படகு கட்டும் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். நேயர்களே, அவரும் தொழிலாளியாகத்தான் வாழ்க்கையைத் தொடங்கினார். ஒரு நாள் பட்டறை உணவுக்கூடத்தில் உடன் வேலை செய்வோர் முன்னிலையில் வித்தை காட்டினார். பயத்தில் கை நடுங்கியது. ஒரு வித்தையும் சரியாக வரவில்லை. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவமானம் தாங்காமல் ஒதுங்கிப் போனவருக்குப் பிறகு ஒன்று தோன்றியது. வித்தை சரியாக வந்திருந்தால் கைதட்டியிருப்பார்கள், தவறியதால் சிரித்தார்கள். சிரித்தவர்கள் மகிழ்ச்சியாகத்தானே இருந்தார்கள்! அந்த மகிழ்ச்சியையே தொழிலாக்கிக்கொண்டால் என்ன?

1940-இல் இராணுவத்தில் சேர்ந்து ஏழு ஆண்டுகள் பணியாற்றினார். எகிப்தில் இருந்தபோது படைவீரர்களுக்காக நடந்த கலை நிகழ்ச்சிகளில் பங்கெடுத்தார. ஒரு நாள் மேடையில் அணிய வேண்டிய தொப்பி கையில் இல்லை. அந்தப் பக்கம் போன பரிசாரகர் ஒருவரின் தலையிலிருந்த சிவப்புக் குஞ்சத் தொப்பியை எடுத்துத் தம் தலையில் வைத்துக்கொண்டார். ஆறடி நான்கு அங்குல உயரமுள்ள ஆள், சட்டி போன்ற சிறு தொப்பியோடு விழித்துக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்! வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிப்பு எழுந்தது. சாகும் வரை அந்தத் தொப்பிதான் அவருக்கு அடையாளம்.

போர் முடிந்து ஊர் திரும்பியவரை உடனே யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. பி.பி.சி.யில் முதன்முதலில் அவரைச் சோதித்துப் பார்த்தவர்கள், தோற்றமும் சரியில்லை, பேச்சும் தெளிவில்லை என்ற கருத்தைத்தான் எழுதி வைத்தார்கள். அவர் மனம் தளரவில்லை. லண்டனில் விண்ட்மில் என்னும் அரங்கிலும் பிற மேடைகளிலுமாக ஒரு வாரத்தில் 52 காட்சிகள் வரை மேடையேறினார். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை ஒரே வித்தை, ஒரே நகைச்சுவை! 1948-இல் தொலைக்காட்சியில் முதல் வாய்ப்பு வந்தது. 1952-இல் அவருக்கென்றே ஒரு தொடர் நிகழ்ச்சி அமைந்தது. தோற்றம் சரியில்லை என்று எழுதப்பட்டவரின் முகத்தை, அடுத்த முப்பது ஆண்டுகள் பிரிட்டனில் அறியாதவர் இல்லை.

அவர் செய்ததெல்லாம் என்ன? மேசை நிறையச் சாமான்களைப் பரப்பி வைத்துக்கொள்வார். ஒரு குழாயால் புட்டியை மூடுவார், மற்றொன்றால் கோப்பையை மூடுவார். மந்திரம் போட்டதும் இரண்டும் இடம் மாற வேண்டும். குழாயைத் தூக்கினால் எதிர்பாராத இடத்தில் புட்டி நிற்கும். திருதிருவென்று விழிப்பார். தொலைத்த சாவியைத் தேடுவது போல மேசையெல்லாம் தேடுவார். பிறகு திடீரென்று, யாரும் எதிர்பாராத நேரத்தில், ஒரு வித்தை மிகச் சரியாக நடந்துவிடும். அவருக்கே வியப்பாக இருப்பது போல முகத்தை வைத்துக்கொள்வார். பார்ப்பவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

வித்தை தெரியாததால்தான் சிரிப்புக் காட்டினார் என்று யாரும் எண்ண வேண்டாம். 1905-இல் லண்டனில் தொடங்கப்பட்ட 'மேஜிக் சர்க்கிள்' என்னும் வித்தைக்காரர் சங்கத்தில் அவர் உறுப்பினர். சரியாகச் செய்யத் தெரிந்தவர்தான் அழகாகத் தவற முடியும். பால்மரம் சீவும் நேயர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உளி சிறிது ஆழமாக இறங்கினால் மரம் காயப்பட்டுவிடும். மேலோட்டமாகச் சீவினால் பால் வடியாது. எந்த ஆழம் என்பதை, இருள் பிரியாத வேளையில், கைதான் அறியும். பார்ப்பவருக்கு அது எளிய வேலையாகத் தோன்றும். அந்த எளிமைக்குப் பின்னால் எத்தனை ஆண்டுப் பழக்கம் இருக்கிறது! கூப்பரின் தடுமாற்றத்துக்குப் பின்னாலும் அப்படித்தான். தம் நகைச்சுவைத் துணுக்குகளையெல்லாம் பொருள் வாரியாகப் பிரித்து, அலுவலகக் கோப்புகளைப் போல ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். அந்தக் கோப்புகளை 2016-இல் லண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் பெற்றுக்கொண்டது. ஒழுங்கே இல்லாதவர் போல நடித்தவரின் வீட்டில் அத்தனை ஒழுங்கு!

அவர் வாழ்க்கையில் துயரமும் இருந்தது. மதுப் பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. மேடைக்கு முன் கொஞ்சம், பின் கொஞ்சம் என்று தொடங்கியது, உடலையும் தொழிலையும் அரித்தது. 1977-ஆம் ஆண்டு ரோம் நகரில் மாரடைப்பு வந்து பிழைத்தார். குடி எந்தக் குடும்பத்தை எப்படி அழிக்கும் என்பதைத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. புகழும் பணமும் இருந்தவரையும் அது விட்டுவைக்கவில்லை என்பதை மட்டும் இளைஞர்கள் மனத்தில் கொள்ளட்டும்.

1984-ஆம் ஆண்டு ஏப்ரல் 15, ஞாயிற்றுக்கிழமை இரவு. லண்டனில் அப்போது ஹர் மெஜஸ்டிஸ் என்று அழைக்கப்பட்ட அரங்கிலிருந்து நிகழ்ச்சி நேரடியாக ஒளிபரப்பாகிறது. கூப்பர் மேடையில் நிற்கிறார். துணைக் கலைஞர் ஒருவர் நீண்ட அங்கி ஒன்றை அவருக்கு அணிவித்துவிட்டுப் போகிறார். அந்த அங்கிக்குள்ளிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டுவது அன்றைய வேடிக்கை. திடீரென்று கூப்பர் தள்ளாடி, திரைச்சீலையில் சாய்ந்தபடி கீழே உட்கார்ந்துவிடுகிறார். அரங்கம் முழுவதும் சிரிப்பு. அவர் மெல்லச் சரிகிறார், மூச்சுக்குத் திணறுகிறார். மறுபடியும் சிரிப்பு. சிறிது நேரத்துக்குப் பின்னர்தான் மேடைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு ஏதோ தவறு என்று புரிகிறது. அவசரமாக இசையைத் தொடங்கி, நிகழ்ச்சியை இடையில் நிறுத்தி விளம்பரத்துக்குப் போகிறார்கள். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். பயனில்லை. மாரடைப்பு. வயது 63.

சிரித்தவர்களை நாம் குறை சொல்லலாமா? கூடாது. அவர்கள் கூப்பரை நேசித்தவர்கள். அவர் விழுந்தால் அது வேடிக்கை, விழித்தால் அது வேடிக்கை என்று முப்பத்தேழு ஆண்டுகளாக அவரே அவர்களுக்குப் பழக்கியிருந்தார். எதிர்பார்த்ததையே அவர்கள் கண்டார்கள். கண் கண்டது, ஒரு மனிதர் கீழே விழுந்ததை. அது வேடிக்கை என்று சொன்னது மனம்.

இப்போது இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் பொய் மரணத்தை உண்மை என்று நம்பினார்கள். மற்றொன்றில் உண்மை மரணத்தைப் பொய் என்று நம்பினார்கள். படிப்பில்லாத காரணத்தால் அப்படி நம்பவில்லை. நாம் எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறோம். முன்னே நடந்ததை வைத்து, அடுத்து நடக்கப்போவதை மனம் முடிவு செய்துவிடுகிறது. வித்தைக்காரர்களின் முதல் எல்லாம் இந்த ஒன்றுதான். வலக்கையை ஆட்டி நம் பார்வையை அங்கே இழுத்துவிட்டு, இடக்கையால் காரியத்தை முடிப்பார்கள். யோசிக்க நேரம் கொடுக்கமாட்டார்கள்.

சர்க்காரும் கூப்பரும் நல்லவர்கள். "நான் வித்தை காட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டு ஏமாற்றினார்கள். நாமும் சீட்டு வாங்கிக்கொண்டு விருப்பத்தோடு ஏமாந்தோம். அது கலை. ஆனால் வித்தை என்று சொல்லாமல் அதே வேலையைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். எலுமிச்சம் பழத்திலிருந்து இரத்தம் வருகிறது பார், உன் வீட்டில் செய்வினை இருக்கிறது என்பார் ஒருவர். பணத்தைப் பூசையில் வைத்தால் இரட்டிப்பாகும் என்பார் மற்றொருவர். இன்று தொலைபேசி வழியாகவும் அந்த வித்தை நடக்கிறது. போலீஸ் பேசுகிறேன், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, உடனே பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மிரட்டுவார்கள். 'மக்காவ் மோசடி' என்று நம் நாட்டில் அதைச் சொல்கிறோம். மோடி வித்தைக்காரருக்குப் பாம்புப் பெட்டி, இவர்களுக்குத் தொலைபேசி. அவசரப்படுத்துவதும், பயமுறுத்துவதும், யாரையும் கேட்காதே என்பதும்தான் அடையாளம். "இருங்கள், என் மகளைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். வித்தை அங்கேயே கலைந்துவிடும். பணம் அனுப்பிவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே வங்கிக்கும், தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்னும் எண்ணுக்கும் சொல்ல வேண்டும். எவ்வளவு விரைவில் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம்.

கூப்பரின் முடிவிலிருந்து இன்னொன்றும் கற்றுக்கொள்ள வேண்டும். எல்லா வீட்டிலும் ஒரு வேடிக்கைக்காரர் இருப்பார். தாத்தாவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம். எப்போதும் கேலியும் கிண்டலுமாக இருப்பவர், ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "ஆரம்பித்துவிட்டார் நாடகத்தை" என்று சிரிக்கத் தோன்றும். எப்போதும் அலுத்துக்கொள்ளும் பாட்டி வலிக்கிறது என்றால், "தினமும் உள்ளதுதானே" என்று விட்டுவிடத் தோன்றும். வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துப் படுக்க வைப்பவர்களும் உண்டு. நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் — இவை மாரடைப்பின் அறிகுறிகள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலி பெரிதாகத் தெரியாமலே வருவதுண்டு. அப்படியானால் 999-ஐ அழைக்க வேண்டும். நாடகமாக இருந்தால் நாளைக்குச் சேர்ந்து சிரித்துக்கொள்ளலாம். நாடகமாக இல்லாவிட்டால், நாம் சிரித்துக்கொண்டிருக்கும் நேரம் அவருடைய உயிருக்குரிய நேரம்.

கூப்பர் பிறந்த கெர்ஃபிலி ஊரில் 2008-ஆம் ஆண்டு அவருக்குச் சிலை வைத்தார்கள். தலையில் அந்தக் குஞ்சத் தொப்பியோடுதான் நிற்கிறார். சர்க்கார் தபால் தலையிலும், அவர் பிள்ளைகள் காட்டும் வித்தையிலும் வாழ்கிறார். மறுபடியும் தொலைக்காட்சியில் ஒரு மாயவித்தைக்காரரைப் பார்த்தால், பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகச் சிரியுங்கள், கைதட்டுங்கள். முடிந்த பிறகு, "உன் கண் என்ன கண்டது? உன் மனம் என்ன சொன்னது?" என்று இரண்டையும் தனித்தனியாகப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்ட பிள்ளையை நாளைக்கு எந்தப் போலி வித்தைக்காரனும் எளிதில் ஏமாற்ற முடியாது.